ஊர்ப் பயணத்திற்குக் காமிராவும் பிலிமும்



தோட்டத்து மக்களாகிய நாம் "ஊருக்குப் போகிறோம்" என்று சொன்னால் அதற்குப் பொருள் ஒன்றுதான். பாட்டனும் முப்பாட்டனும் புறப்பட்டு வந்த தமிழகத்துக் கிராமத்தைப் பார்க்கப் போகிறோம் என்பதே அது. ஒரு காலத்தில் அது கப்பற் பயணமாக இருந்தது. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலும், அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் நம் பெரியவர்களைச் சுமந்துகொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக ஓடின. 1985-ஆம் ஆண்டில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்த ஓட்டம் ஓய்ந்தது. இன்று கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடலாம்.

வழி எளிதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் நம் குடும்பங்களில் பலருக்கு அந்தப் பயணம் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் வாய்க்கிறது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் குடும்பத்தில் இரண்டு பேர் போகிறார்கள். முழங்கால் வலியால் நடக்க முடியாத பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். போனவர்கள் கொண்டுவரும் படந்தான் அவருக்கு ஊர். அங்கே கிராமத்திலும் நம் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் "ஆமாம், மலாயாவுக்குப் போனவர்தானே!" என்று சொல்லக்கூடியவர் யாராவது ஒருவர்தான் மிஞ்சியிருப்பார். அவருக்கும் வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணப் படம் கெட்டுப் போனால் பட்டுச் சேலையை மறுபடி உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகலாம். இந்தப் படம் கெட்டுப் போனால் அடுத்த முறை எடுக்க அவர் இருப்பாரா? ஆகவேதான், புறப்படும் முன்னரே எந்தக் காமிரா, எந்தப் பிலிம், எத்தனை சுருள் என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் உள்ள காமிராவே பயணத்திற்குப் போதும் என்று நினைப்பவர்கள் தாராளமாக அதையே கொண்டு போகலாம். மங்கிய வெளிச்சத்தில் பிலிம் திணறுகிற இடத்திலும் கைப்பேசி சமாளித்துவிடும். பழைய பத்திரங்கள், கடிதங்கள், சுவரில் மாட்டிய படங்கள் ஆகியவற்றைக் கிட்டத்தில் வைத்துப் பிரதி எடுப்பதற்கும் அதுவே ஏற்றது. ஆனால் கைப்பேசி தொலைந்தால் படம் முழுவதும் தொலையும். அதனால் ஒவ்வோர் இரவும் அன்றைய படங்களை இன்னொருவர் கைப்பேசிக்கோ சேமிப்பு அட்டைக்கோ மாற்றிவிட வேண்டும்.

அப்படியானால் பிலிம் காமிரா எதற்கு? நம் வீடுகள் பலவற்றில் அப்பாவோ சித்தப்பாவோ வாங்கி வைத்த காமிரா அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் எடுத்த படத்திற்கு நெகட்டிவ் என்று ஒன்று மிஞ்சும். ஈரமும் பூஞ்சையும் படாமல் வைத்திருந்தால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் உருவம் தெரியும். அதைப் படிக்க மின்சாரமோ கடவுச்சொல்லோ வேண்டியதில்லை. முப்பத்தாறு படந்தான் என்ற கட்டுப்பாடு இருப்பதால், ஒவ்வொன்றையும் எண்ணி எடுக்கிறோம். இரண்டையும் கொண்டு போவதே நல்லது. முக்கியமான மனிதர்களைப் பிலிமிலும் எடுங்கள், கைப்பேசியிலும் எடுங்கள். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும்.

இனி காமிராவைப் பார்ப்போம். புதிதாக வாங்கும் முன் வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிலிம் போடும் காமிரா என்பதே முதற் கேள்வி. 35 மில்லிமீட்டர் பிலிம் போடுவதாக இருந்தால் கவலையில்லை. அந்தப் பிலிம் இன்றும் தயாராகிறது. 126 என்ற எண் கொண்ட பெட்டிப் பிலிம் போடும் பழைய 'இன்ஸ்டாமேட்டிக்' வகையாக இருந்தால் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பிலிம் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது.

நம்மவர்கள் வீடுகளில் இருக்கக்கூடிய இரண்டு காமிராக்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஒன்று 'ஒலிம்பஸ் டிரிப் 35'. 1967-ஆம் ஆண்டு முதல் 1984 வரை தயாரானது. 'டிரிப்' என்றால் பயணம். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. இதற்குப் பேட்டரி தேவையில்லை. லென்சைச் சுற்றிக் கண்ணாடிக் கொப்புளங்கள் போல் இருக்கும் செலீனியம் வளையமே வெளிச்சத்தை அளக்கிறது. தூரத்தைக் குறிக்க ஓர் ஆள், இரண்டு பேர், கூட்டம், மலை என்று நான்கு படக்குறிகள் உண்டு. எதிரே இருப்பதற்கு ஏற்பத் திருப்பினால் போதும். வெளிச்சம் போதாவிட்டால் பார்வைத் துளையில் ஒரு சிவப்புக் குறி எழும்பும், படமும் விழாது. அந்தச் செலீனியம் நாளாவட்டத்தில் செயலிழக்கக்கூடியது. அதைச் சோதிக்க வழி இருக்கிறது. காமிராவை 'ஏ' என்ற தானியங்கி நிலையில் வைத்து, கையால் வளையம் முழுவதையும் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். சிவப்புக் குறி வர வேண்டும். கையை எடுத்துவிட்டு வெயிலைப் பார்த்து அழுத்துங்கள். குறி வராமல் 'கிளிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். இரண்டும் நடந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

மற்றொன்று 'பென்டாக்ஸ் கே1000'. 1976-இல் வந்து 1997 வரை விற்பனையான காமிரா. இது முழுக்க இயந்திரத்தால் இயங்குவது. உள்ளே போடும் சிறு பேட்டரி வெளிச்ச அளவுமானிக்கு மட்டுமே. பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். ஆனால் வேகம், துவாரம், தூரம் மூன்றையும் நாமே வைக்க வேண்டும். பழகியவர் கையில் இது பொன். பழகாதவர் கையில் பாரம். குடும்பத்தில் யார் படம் எடுக்கப் போகிறார்களோ அவருக்கு எது கைவருமோ அதையே தேர்ந்தெடுங்கள். விலை கூடிய காமிராவைவிட விரல் பழகிய காமிராவே நல்ல படம் தரும்.

பழைய காமிராவை வாங்கினாலும், அலமாரியிலிருந்து எடுத்தாலும் லென்சுக்குள் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றில், அதுவும் தோல் உறைக்குள் மூடி வைத்த காமிராவில், பூஞ்சை எளிதில் பிடிக்கும். பின்மூடியைத் திறந்து ஓரத்தில் உள்ள கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்து உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் அவ்வழியே வெளிச்சம் புகுந்து படத்தில் சிவப்புக் கோடு விழும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். பிறகு காமிராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். தூசி உள்ளே போகும்.

அடுத்தது பிலிம். பிலிம் பெட்டியின் மேல் 100, 200, 400 என்று ஓர் எண் இருக்கும். முன்பு ஏ.எஸ்.ஏ. என்றார்கள், இப்போது ஐ.எஸ்.ஓ. என்கிறார்கள். அது பிலிம் வெளிச்சத்தை உணரும் ஆற்றல். எண் இரட்டிப்பானால் பாதி வெளிச்சமே போதும். 100 கொண்ட பிலிமில் மணிகள் நுண்மையாக இருக்கும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். 400 கொண்ட பிலிம் வெயிலிலும் எடுக்கும், மாலை நேரத்திலும் திண்ணை நிழலிலும் எடுக்கும். நாம் போவது கோபுரத்தை மட்டும் பார்க்க அல்லவே! வீட்டுக்குள் மனிதர்களையும் பார்க்கப் போகிறோம். ஆகவே ஒரே வகை பிலிம் கொண்டு போவதானால் 400-ஐயே எடுங்கள்.

வண்ணப் பிலிமில் நெகட்டிவ் வகை, சிலைடு வகை என்று இரண்டு உண்டு. சிலைடு பார்க்க அழகு. ஆனால் வெளிச்ச அளவு சற்றுப் பிசகினாலும் மன்னிக்காது. நெகட்டிவ் பொறுமைசாலி, அதிலும் வெளிச்சம் கூடிப் போனால் பெரும்பாலும் சமாளித்துவிடும். குறைந்து போனால்தான் இருண்டு மண்ணாகிவிடும். எனவே ஐயம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டியே வையுங்கள். கோடாக் கோல்டு 200, கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400 போன்றவை இந்த நெகட்டிவ் வகை. பெட்டியில் சி-41 என்று இருந்தால், 1972-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பொதுவான முறையில் அதைக் கழுவலாம் என்று பொருள். கறுப்பு வெள்ளைப் பிலிமும் கிடைக்கிறது. ஆனால் அதைக் கழுவித் தரும் கடை பக்கத்தில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் பழைய பிலிம் அகப்பட்டது என்று அதைப் பயணத்திற்கு எடுத்துப் போக வேண்டாம். காலம் கடந்த பிலிம் வெப்பத்தில் நிறம் மாறிப் போயிருக்கும். 'கோடாகுரோம்' என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அதன் உற்பத்தி 2009-இல் நின்றது. 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு அதைக் கழுவித் தந்த கடைசிக் கடையும் அந்த வேலையை நிறுத்திக்கொண்டது.

எத்தனை சுருள் வாங்குவது? இன்று பிலிமின் விலை குறைவன்று, கழுவும் கூலியும் சேரும். பத்து நாள் பயணத்திற்கு நான்கு சுருள் போதும் என்பது என் கணக்கு. ஒன்று சோதனைக்கு, இரண்டு பயணத்திற்கு, ஒன்று கைக்காவலுக்கு. சோதனைச் சுருளை வீண் செலவு என்று எண்ணாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே அதைப் போட்டு, வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் எடுத்து, கழுவிப் பார்த்துவிடுங்கள். தோட்டத்துக் கோயில், பால்மரக் காடு, பழைய லயம் இவற்றை அந்தச் சுருளில் எடுத்தால் ஊரில் உள்ளவர்களுக்குக் கொண்டு போய்க் காட்டவும் ஆகும். அவர்களுக்கும் நாம் வாழும் இடத்தைப் பார்க்க ஆசை இருக்கும் அல்லவா?

பிலிம் போடும்போது ஒரு கவனம் வேண்டும். நிழலில் நின்று போடுங்கள். நுனியைச் சுருட்டியில் மாட்டி மூடிய பின், பிலிமை நகர்த்தும் கைப்பிடியைத் தள்ளும்போது இடப்பக்கம் உள்ள திருகு தானும் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் நுனி கழன்றுவிட்டது. முப்பத்தாறு முறை அழுத்தினாலும் ஒன்றும் இருக்காது. முடிந்த பிலிமை முழுவதும் திரும்பச் சுற்றிய பிறகே பின்மூடியைத் திறக்க வேண்டும். பிலிமின் எண்ணைக் காமிராவில் வைக்கவும் மறவாதீர்கள். 1983-க்குப் பிறகு வந்த சில காமிராக்கள் சுருளின் மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களைப் படித்துத் தாமே வைத்துக்கொள்ளும். முந்தியவற்றில் நாம்தான் வைக்க வேண்டும்.

இனி விமான நிலையம். கழுவாத பிலிமை ஒருபோதும் எடைபோட்டு அனுப்பும் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர் வலிமையானது. பிலிமைப் புகைமூட்டம் போல் ஆக்கிவிடும். கைப்பையிலேயே கொண்டு போங்கள். கைப்பையைச் சோதிக்கப் பழைய வகை எக்ஸ்ரே எந்திரமாக இருந்தால் 400 வரையிலான பிலிமுக்கு ஓரிரு முறையில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இப்போது பல விமான நிலையங்களில் சி.டி. என்னும் புதிய எந்திரங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு முறை போனாலே பிலிம் கெடும். ஆகவே சுருள்களை வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, "இது பிலிம், தயவுசெய்து கையால் சோதியுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். முடிவு அதிகாரியினுடையது, வாக்குவாதம் வேண்டாம். அதற்காகவே நேரத்தோடு போய்விடுங்கள். கழுவிய நெகட்டிவை எந்தக் கதிரும் ஒன்றும் செய்யாது. அங்கே பெரிய நகரத்தில் நம்பிக்கையான கடை இருந்தால் கழுவி வாங்கிக்கொண்டு திரும்புவதும் ஒரு வழி.

பிலிமுக்கு வெப்பம் பகை. வெயிலில் நிற்கும் காரிலோ பேருந்தின் ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து சட்டென்று வெளியே வந்தால் லென்சில் பனி படியும். துடைக்க வேண்டாம். பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து வெளிச்சூட்டிற்குப் பழகிய பின் எடுங்கள்.

வெளிச்ச அளவுமானி வேலை செய்யாவிட்டாலும் கலங்க வேண்டாம். நல்ல வெயிலில் துவார எண் 16. வேகம் பிலிமின் எண்ணுக்கு அருகில். 400 பிலிம் என்றால் ஒரு வினாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதே வேகத்தில் மெல்லிய மேகத்திற்கு 11, நல்ல மேகத்திற்கு 8, வெட்டவெளி நிழலுக்கு 4. இந்தக் கணக்கை ஒரு சிறு அட்டையில் எழுதிக் காமிராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் படத்தில் அடிக்கடி நேரும் குறை ஒன்று உண்டு. வெள்ளைச் சுவருக்கோ வெளுத்த வானத்திற்கோ முன்னால் நிற்கவைத்து எடுக்கிறோம். அளவுமானி அந்த வெண்மையைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. வானம் அழகாக வருகிறது, முகம் கரிக்கட்டையாகிறது. இதற்குப் பரிகாரம், காமிராவோடு முகத்தருகே சென்று முகத்தை மட்டும் அளந்துகொண்டு, பிறகு பின்னால் வந்து அதே அளவில் எடுப்பது. அதைவிட எளியது, திண்ணையில் உட்கார வைப்பது. மேலே கூரை, எதிரே திறந்த தெரு, முகத்தில் மென்மையான வெளிச்சம் சமமாக விழும். எந்த ஸ்டூடியோவும் திண்ணைக்கு ஈடாகாது. வயதானவர்களை உச்சி வெயிலில் நிறுத்திக் கண் கூச வைக்காதீர்கள்.

வீட்டுக்குள் எடுக்கப் பிளாஷ் கொண்டு போகலாம். ஆனால் சிறிய பிளாஷின் ஒளி மூன்று நான்கு மீட்டர் வரையே எட்டும். கோபுரத்தை நோக்கி இரவில் பிளாஷ் அடிப்பது பேட்டரியை வீணாக்குவதே ஆகும்.

இரண்டு சுருளுக்கு எழுபத்திரண்டு படம். அதைச் சம்பளப் பணத்தைப் பங்கிடுவது போல் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு இருபத்து நான்கு. தாத்தாவின் வீடு, தெரு, கிணறு, வயல், ஊர்க்கோயில் இவற்றிற்குப் பன்னிரண்டு. வழிப்பயணத்திற்குப் பன்னிரண்டு. தஞ்சாவூர், மதுரை போன்ற இடங்களுக்குப் பன்னிரண்டு. எதிர்பாராதவற்றிற்குப் பன்னிரண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் படம் எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் பெரியப்பாவின் படம் உங்களிடந்தான் கிடைக்கும். முக்கியமானவரை ஒரு படத்தோடு விட்டுவிடாமல் மூன்று எடுங்கள்: முகம் தனியாக ஒன்று, வீட்டு வாசலோடு ஒன்று, குடும்பத்தோடு ஒன்று. கண் மூடியது ஒன்றில் இருந்தாலும் மற்றொன்று நிற்கும்.

சில இடங்களில் காமிராவுக்கு அனுமதி இல்லை. கருவறையைப் படம் எடுக்கக் கூடாது என்பது நாம் அறிந்ததே. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. ஆகவே வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். ராணுவ இடங்களையும் விமான நிலையச் சோதனை இடங்களையும் எடுக்க வேண்டாம்.

மனிதர்களையும் கேட்டே எடுக்க வேண்டும். "அத்தை, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா? அங்கே அம்மாவுக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்டால் மறுப்பவர் யார்? அவர் முகம் கழுவி, தலைவாரி, நல்ல சேலை மாற்றிக்கொண்டு வரும்வரை பொறுத்திருங்கள். அவர் எப்படிக் காணப்பட விரும்புகிறாரோ அப்படி எடுப்பதே மரியாதை. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவையுங்கள். மலேசியாவிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒரு சிறிய நோட்டுப்புத்தகமும் பென்சிலும் உடன் இருக்கட்டும். சுருள் எண், பட எண், எதிரே இருப்பவர் பெயர், அவர் நமக்கு என்ன முறை, எந்த ஊர் என்று அன்றன்றே எழுதிவிடுங்கள். நம் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். தலைப்பாகையோடு நிற்கும் அந்தப் பெரியவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. படம் இருக்கிறது, பெயர் போய்விட்டது. பெயர் இல்லாத படம் இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்நியர் படமாகிவிடும்.

திரும்பி வந்ததும் பிலிமை மாதக்கணக்கில் வைத்திராமல் உடனே கழுவக் கொடுங்கள். கணினியில் ஏற்றித் தந்தால் போதும் என்று விட்டுவிடாமல் நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தொடும்போது ஓரத்தை மட்டுமே பிடியுங்கள். காகித உறையிலோ அதற்கென்று உள்ள தாளிலோ போட்டு, சிலிக்கா ஜெலுடன் டப்பாவில் மூடி வையுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரை எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். ஒட்டும் பசை பூசிய பக்கங்கள் உள்ள ஆல்பத்தைத் தவிர்த்து, படத்தை மூலையில் செருகும் ஆல்பமாக வாங்குங்கள். பசை நாளடைவில் படத்தைத் தின்றுவிடும்.

ஆல்பம் தயாரானதும் அதை முதலில் பாட்டியின் மடியில் வையுங்கள். அவசரமாகப் புரட்டாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் அவர் நின்று சொல்லும் பெயர்களையும், "இந்த வேப்பமரத்தடியில்தான்..." என்று தொடங்கும் செய்திகளையும் கேட்டு அதே நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் அந்தப் பயணத்திற்குச் செய்த செலவு முழுவதும் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பயணம் நலமாக அமைய வாழ்த்துகிறேன்.